வீட்டை விற்றுவிட்டு மிஷனெரியாகப் போகலாமா?

தென் மாவட்டத்தைச் சேர்ந்த 36 வயது வாசகர் ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

தனியார் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறார். மனைவி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், மகனுக்கு நான்கு வயது. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 68 வயதாகும் அம்மாவுக்குச் சர்க்கரை நோய், இவர்களோடுதான் இருக்கிறார். அக்காவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மிஷனெரிக் கூட்டத்தில் எழுந்து நின்று தன்னை ஒப்புக்கொடுத்தவர் இவர். இப்போது ஒரு மிஷனெரி ஸ்தாபனம் ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகல் மலையில் வாழும் மால்டோ மக்கள் நடுவே ஊழியம் செய்ய அழைத்திருக்கிறது. குறைந்தது பத்து வருடம். வருகிற ஜூனில் கிளம்ப வேண்டும்.

திட்டத்தையும் எழுதியிருக்கிறார். வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்துவிடுவது. வீட்டை விற்றுப் பாதியை ஊழியத்துக்குக் கொடுத்து, மீதியை அம்மா பெயரில் வங்கியில் போடுவது. அம்மா அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். மனைவி ராஜினாமா செய்துவிட்டு, பணித்தளத்தில் வீட்டிலேயே நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து ஜெபிப்பார். இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. கனடாவில் குடியுரிமை பெற்ற நண்பர் ஒருவரும், துபாயில் வேலை செய்யும் சித்தப்பா மகனும் மாதாமாதம் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "இரத்தசாட்சியாக மரிக்கவும் ஆயத்தமாயிருக்கிறேன். ஆனால் ஆவிக்குரிய விதத்தில் இன்னும் எப்படி ஆயத்தப்பட வேண்டும் என்று தெரியவில்லை. மற்ற ஏற்பாடுகளைப் பற்றி யோசித்தாலே அது அவிசுவாசமோ என்று தோன்றுகிறது" என்று கேட்கிறார்.

அன்புள்ள தம்பி,

உங்கள் அழைப்பு உண்மையா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது, உங்கள் சபையும் சேர்ந்து சோதித்தறிய வேண்டியது. மிஷனெரிக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பதால், போகிறவர்களையும் திரும்பி வருகிறவர்களையும் பார்க்கிறேன். அந்த இடத்தில் நின்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். நீங்கள் ஆண்டவருக்குக் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கும் பட்டியலில் பாதிக்கு மேல் உங்களுடையது இல்லை. வீடு முழுதாக உங்களுடையது இல்லை. அரசு வேலை உங்கள் மனைவியுடையது. கடைசிக் காலத்தில் தன் வீட்டிலேயே இருப்பது அம்மாவின் உரிமை. உங்களுடையதை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். அடுத்தவர்களுடையதைக் காணிக்கைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் அவர்களைக் கேட்க வேண்டாமா?

மனைவி என்ன சொன்னார்?

ஏழு பக்கத்தில் உங்கள் மனைவிக்குக் கிடைத்தது இரண்டு வரி. "அவளும் முழுமனதாகச் சம்மதித்துவிட்டாள். எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை." முதல் வாக்கியத்துக்கு இரண்டாவதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறீர்கள். நம் வீடுகளில் பெண்கள் எதிர்த்து ஒன்றும் சொல்லாமலிருக்க ஆயிரம் காரணம் உண்டு. கணவன் "கர்த்தர் பேசினார்" என்று சொல்லிவிட்ட பிறகு, மறுத்துப் பேசினால் கர்த்தரையே மறுத்ததாகிவிடுமே என்ற பயம் அதில் ஒன்று.

இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனெரி வில்லியம் கேரியின் பெயரை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் மனைவி டாரதியின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவுக்கு வர டாரதி முதலில் மறுத்துவிட்டார். அப்போது அவர் கர்ப்பிணி. 1793இல் கப்பல் புறப்படத் தாமதமானதால் கேரியும் கூட்டாளியும் திரும்பிப் போய் மறுபடி வற்புறுத்தினார்கள். தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று, கைக்குழந்தையோடு கிளம்பி வந்தார். அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் சீதபேதி கண்டு இறந்தான். டாரதியின் மனநிலை குலைந்தது, அது திரும்பவேயில்லை. 1807இல் இறக்கும்வரை அப்படியேதான் இருந்தார். கேரி வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அறைக்குப் பக்கத்து அறையில் நடந்தது இது. கேரியின் ஊழியத்தைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அவசரத்தில் வாங்கிய சம்மதத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் இல்லாத இடத்தில், உங்கள் மனைவி நம்புகிற ஒரு பெண்ணிடம் அவர் பேசட்டும். ஆயரம்மாவாக இருக்கலாம், வடக்கே ஊழியம் செய்து திரும்பிய ஒரு அக்காவாக இருக்கலாம். "வேண்டாம்" என்றோ "இப்போது வேண்டாம்" என்றோ சொன்னாலும் வீட்டில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்த பிறகு வருகிற பதில்தான் சம்மதம். அந்தப் பதில் வருவதற்கு முன்னால் நீங்கள் ராஜினாமாக் கடிதம் எழுதவே கூடாது.

வீட்டின் மீது யாருக்கு என்ன உரிமை

ஒரே மகன் என்பதாலும், அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று என்பதாலும் வீடு உங்களுடையது என்று நினைக்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரிகிறது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் என்ற வித்தியாசம் கிடையாது. உங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. கல்யாணத்தின்போது அப்பா அக்காவுக்குக் கொடுத்த நகையையும் பணத்தையும் இந்தப் பங்கில் கழிக்க முடியாது, அதையும் அந்தச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் பத்திரம் முடியாது. அக்கா கையெழுத்துப் போடுவார், பாசக்காரர்தான். ஆனால் போட்டுவிட்டு, அம்மாவையும் தன் வீட்டில் வைத்துப் பார்க்கப்போகிறவரும் அவரே. கிளம்பும் முன் ஒரு வக்கீலிடம் போய், யாருக்கு என்ன பங்கு என்று எழுதி வைத்துவிடுங்கள். அம்மா இருக்கும்வரை வீடு அம்மாவுக்கு இருக்கட்டும்.

அவிசுவாசம் என்று பயப்படுகிறீர்களே, மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று ஆலயத்துக்கு ஒதுக்கிவிட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று பாருங்கள். சிலுவையில் தொங்கிய நேரத்திலும் தன் தாயை எந்தச் சீஷன் வீட்டில் விடுவது என்ற ஏற்பாட்டைச் செய்துவிட்டுத்தான் அவர் போனார். ஏற்பாடு செய்வதை அவிசுவாசம் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. பையும் காலணியும் இல்லாமல் சீஷரை அனுப்பியவரே, பின்னால் லூக்கா 22இல் பணப்பை உள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்கிறார்.

வேலை, பி.எஃப்., இன்சூரன்ஸ்

ஒன்பது வருடம் முடித்திருக்கிறீர்கள். பி.எஃப். கணக்கோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருடப் பணிக்காலம் இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். பெரிய தொகை இல்லைதான். இருந்தாலும் பத்து வருடம் மலையில் இருந்துவிட்டு வருகிறவருக்கு அது வேண்டியிருக்கும். இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். வேலையை விட்டபின்பும் கணக்குக்கு வட்டி வரும், அந்த வட்டிக்கு மட்டும் வரி உண்டு.

மருத்துவ இன்சூரன்ஸ் நிச்சயம் வேண்டும். கம்பெனி பாலிசியில் இருந்தால், வேலையை விடுவதற்கு முன்பே தனிப் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பியுங்கள். இடையில் நின்றுபோனால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம்வரை காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்கலாம். அம்மாவின் சர்க்கரைக்கு இது முக்கியம்.

உங்கள் மனைவியின் வேலையைப் பற்றி அவர்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு செவிலியர் தொகுப்பூதியத்தில் சேர்ந்து காலமுறை ஊதியத்துக்கு வர எத்தனை வருடம் காத்திருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். ராஜினாமா செய்தால் அதுவரை செய்த பணிக்காலம் போய்விடும். சம்பளமில்லா விடுப்பு எவ்வளவு காலம் கிடைக்கும் என்று அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு யோசிக்கட்டும்.

அப்புறம், வீட்டிலேயே மருந்து கொடுக்கும் யோசனை. இதை விட்டுவிடச் சொல்கிறேன். தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர் ஜார்க்கண்டில் பணி செய்ய அங்குள்ள கவுன்சிலிலும் பதிய வேண்டும். பதிந்தாலும் டாக்டர் இல்லாமல் தானாக மருந்து எழுதிக்கொடுக்க முடியாது. இலவச மருந்தும் ஜெபமும் ஒரே திண்ணையில் நடந்தால் சட்டத்தின் கண்ணில் அது எப்படித் தெரியும் என்று அடுத்துச் சொல்கிறேன். அவர் அங்கே நர்ஸாக இருக்க விரும்பினால், ஏதாவது மருத்துவமனையிலோ பதிவு பெற்ற கிளினிக்கிலோ முறையாக நர்ஸாகவே இருக்கட்டும்.

வெளிநாட்டுப் பணம் பற்றிச் சுருக்கமாக. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் சித்தப்பா மகன் துபாயிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது அந்நிய நன்கொடை ஆகாது. கனடா நண்பர் பிறப்பால் தமிழராக இருந்தாலும் சட்டப்படி அந்நியர். மத ஊழியத்துக்காக அவரிடம் பணம் வாங்க, அந்நிய நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். உள்ளூரில் தாங்குபவர்கள் அனுப்பும் பணத்துக்கும் தனி வங்கிக் கணக்கு வைத்து, ஒரு நோட்டில் வரவு செலவு எழுதுங்கள்.

சட்டமும், வாட்ஸ்அப் படங்களும்

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, அதனால் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமையில் அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று சொல்லிவிட்டது. ஜார்க்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. வற்புறுத்தியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்று வருடம்வரை சிறை. மாறியவர் பெண், சிறுவர், பட்டியல் சாதி, பழங்குடி என்றால் நான்கு வருடம்வரை. மால்டோ மக்கள் பழங்குடியினர் என்பதை நினைவில் வையுங்கள். மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் முன்கூட்டியே மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். "ஆசை காட்டுதல்" என்பதில் பணமோ பொருளோ, வேறு எந்த ஆதாயமோ அடங்கும். வீட்டில் கொடுத்த ஒரு பாட்டில் டானிக் போதும், புகார் எழுத.

அங்கே நிலம் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சந்தால் பர்கானா குத்தகைச் சட்டம் 1949 இருப்பதால் பழங்குடிகளின் நிலம் வெளியாள் பெயருக்கு மாறாது. உள்ளூர் விசுவாசி ஒருவர் பெயரில் வாங்கி வைக்கும் குறுக்குவழியை யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த விசுவாசிதான் வழக்கில் நிற்பார்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஜெபக் கடிதம். மாதம் ஒரு அறிக்கை, ஞானஸ்நானம் எடுத்தவர்களின் படம், பெயர், கிராமம், "பில்லிசூனியக்காரன் இரட்சிக்கப்பட்டான்" என்று ஒரு தலைப்பு. உங்கள் சபை வட்டாரமான சேகரத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் பார்த்து ஆமென் போடுவார்கள். ஒருவர் அதை ஃபேஸ்புக்கில் போடுவார். ஒரே வாரத்தில் அது ராஞ்சியிலும் சுற்றும். பிரச்சினை என்று வந்தால் நீங்கள் ரயில் ஏறிவிடலாம். படத்தில் இருக்கும் அந்த அம்மாவுக்கு அதே மலையில்தான் வாழ்க்கை. முகம், பெயர், ஊர் மூன்றும் இல்லாமல் ஜெபக் கடிதம் எழுத இப்போதே பழகுங்கள். "படம் இல்லையென்றால் காணிக்கை வராது" என்று ஸ்தாபனம் சொன்னால், அந்த ஸ்தாபனத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்தாபனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. மாத உதவித்தொகை எவ்வளவு, காணிக்கை குறைந்த மாதத்தில் என்ன செய்வார்கள், மருத்துவச் செலவு யாருடையது, விடுமுறை எப்போது, போலீஸ் வழக்கு வந்தால் வக்கீலை யார் வைப்பார்கள், மேலாளர்மேல் புகார் இருந்தால் யாரிடம் சொல்வது. "விசுவாசத்தில் வாருங்கள்" என்ற பதில் இவற்றில் எதற்கும் பதிலாகாது.

உடம்பு, பிள்ளைகள்

சாகிப்கஞ்ச், பாக்கூர், கோட்டா, தும்கா ஆகிய நான்கும் ஜார்க்கண்டில் காலா அசார் கண்ட மாவட்டங்கள். மணல் ஈ கடித்துப் பரவும் நோய் அது. மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் மலேரியாவும் அங்கே உண்டு. மருந்தூட்டிய கொசுவலை, முழுக்கை சட்டை, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, இதெல்லாம் உங்கள் மனைவிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடாமல், வயிற்றின் இடப்பக்கம் வீங்கி, எடை குறைந்தால் காலா அசார் பரிசோதனை கேட்க வேண்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், குணமாகும். பலரும் தவறவிடுவது வேறொன்று. விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல் வரும். நம்மூர் டாக்டர் டைபாய்டுக்கும் டெங்குவுக்கும் பார்ப்பார், காலா அசார் அவர் நினைவுக்கே வராது. "நாங்கள் சாகிப்கஞ்சிலிருந்து வருகிறோம்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். மாதங்கள் கழிந்தும் அந்த நோய் தலைகாட்டும்.

கிளம்பும் முன் ஹெபடைடிஸ், டைபாய்டு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசிகளைப் பற்றி ஒரு டாக்டரிடம் பேசுங்கள். மலேரியா மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதற்கான ஜி6பிடி ரத்தப் பரிசோதனையையும் நால்வரும் செய்துகொண்டு போங்கள்.

பிள்ளைகளைப் பற்றி "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதோடு முடித்துவிட்டீர்கள். மகளுக்கு எட்டு வயது. அங்கே இந்தி வழிப் பள்ளியா, டோனாவூர்ப் பக்கம் மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் விடுதிப் பள்ளியா? விடுதி என்றால் அவளுக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் ரயில் பயணம். விடுதியில் நன்றாக வளர்ந்த மிஷனெரிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "அப்பாவுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் முக்கியம்" என்று முப்பது வயதிலும் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்போதே அவளிடம் பேசுங்கள். பிரசங்கம் செய்யாமல், அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். யாருடைய சைக்கிளை யார் ஓட்டுவது, ஆச்சி யாரோடு தூங்குவாள் என்றுதான் கேட்பாள். அதுதான் அவளுடைய உலகம்.

ஆவிக்குரிய ஆயத்தம்

கேள்வியே இதுதான், கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறேன். மேலே சொன்ன எல்லாமும் எனக்கு ஆவிக்குரிய ஆயத்தம்தான். ஆனாலும் நீங்கள் கேட்பது உள்ளத்தைப் பற்றி.

இரத்தசாட்சியாக மரிக்க ஆயத்தம் என்கிறீர்கள். என்னிடம் வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை உயிருக்குப் பயந்து திரும்பியவை இல்லை. பக்கத்து வீட்டு மிஷனெரியோடு மூன்று வருடம் பேசாமல் இருந்து, மனம் வெறுத்துத் திரும்பியவைதான் அதிகம். தண்ணீர் டிரம் யாருடையது என்பதில் தொடங்கிய சண்டை அது. ஒரே நாளில் சாகும் தைரியம் வேறு, ஒத்துவராத ஒரு சக ஊழியனோடு பத்து வருடம் சாப்பாட்டுக்கு உட்காருவது வேறு. இரண்டாவதற்கு உங்கள் சேகரத்திலேயே பயிற்சி எடுக்கலாம். கமிட்டியில் உங்களோடு பேசாமல் இருக்கும் அந்த நபர் யார் என்று உங்களுக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள்.

போய் இறங்கியதும் முதல் இரண்டு வருடம் நீங்கள் யாருக்கும் போதகர் இல்லை. இந்தி தட்டுத்தடுமாறும், மால்டோ சுத்தமாக வராது. மால்டோவும் தமிழும் ஒரே திராவிடக் குடும்பம்தான், என்றாலும் அது வடகோடிக் கிளை, கேட்டால் புரியாது. நான்கு வயது மகன் உங்களுக்கு முன்னால் பேசப் பழகிவிடுவான். இங்கே மேடையில் ஜெபித்துப் பழகிய குரலுக்கு அங்கே வேலை இருக்காது. உங்கள் மேலதிகாரியாக, உங்களைவிடப் பத்து வயது இளைய மால்டோ ஊழியர் ஒருவர் இருக்கலாம். அவர் சொல்லித்தான் நீங்கள் கிராமத்துக்குப் போக வேண்டியிருக்கும். மலையுச்சிக் கிராமங்களில் தண்ணீருக்குக் கீழே ஊற்றுக்கு இறங்கி ஏற வேண்டும். மக்காச்சோளமும் தட்டைப்பயறும்தான் விளைச்சல். வாரச் சந்தையே பெரிய நிகழ்ச்சி. ஒரு வேலையும் ஓடாத நாட்கள் வரும். கூட்டமும் பாட்டும் கைத்தட்டலும் இல்லாத இடத்தில் உங்கள் ஜெபம் எப்படி இருக்கும் என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். மாதம் ஒருநாள், ஃபோன் இல்லாமல், யாருக்கும் சொல்லாமல், தனியாக உட்காருங்கள். துதிச் சங்கீதங்களையே படித்துப் பழகியிருப்பீர்கள். 88ஆம் சங்கீதத்தையும் படியுங்கள். இருளோடேயே முடிகிற ஜெபம் அது, அப்படியும் ஜெபிக்க இடம் உண்டு என்று தெரிந்திருப்பது நல்லது.

கைப்பிரதி, அதாவது சுவிசேஷத் துண்டுப்பிரசுரம், பற்றி ஒரு விஷயம். உங்கள் தொழிற்சாலையில் வடநாட்டுப் பையன்கள் நிறையப் பேர் இருப்பதாகவும், அவர்களுக்கு இந்திக் கைப்பிரதி கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவர் பெயராவது கடிதத்தில் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. நம் வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா, 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய கையோடு நின்றுவிடவில்லை. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே நின்று, நீங்கள் எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அதே கேள்வியை ராஜ்மகல் மலையில் உங்களைப் பார்த்துக் கேட்பார்கள். தமிழன் கொண்டுவரும் உதவியிலும் ஒரு மேட்டிமை இருக்கும், நமக்குத்தான் அது தெரியாது. ஆகையால் இந்த ஒரு வருடம் கைப்பிரதியை உள்ளே வையுங்கள். ஞாயிறு சாயங்காலம் அந்தப் பையன்களின் அறைக்குப் போய், அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, இந்தியில் தப்பும் தவறுமாகப் பேசி, சிரித்தால் சேர்ந்து சிரித்து வாருங்கள். ஒருவனுக்குச் சம்பளப் பாக்கி இருக்கும், ஒருவனுக்கு ஆதாரில் பெயர் தப்பாக இருக்கும். அதில் கூட நில்லுங்கள். இந்தியும் வரும், அதைவிட முக்கியமானதும் வரும்.

கடைசியாக, ஸ்தாபனத்துக்கும் உங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு பெரியவரைத் தேடிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஃபோன் செய்து, "எனக்கு ஜெபிக்கவே பிடிக்கவில்லை" என்று சொன்னாலும் பதறாமல் கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும்.

இப்போது என்ன செய்வது

ஜூன் தேதியை ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொல்லி ஸ்தாபனத்துக்கு எழுதுங்கள். அவசரப்படுத்தினால் காரணம் கேளுங்கள். இந்த ஜூலை அல்லது ஆகஸ்டில், நீங்களும் மனைவியும் சேர்ந்து பத்து நாள் விடுப்பெடுத்து அங்கே போய்ப் பாருங்கள். எல்லாரும் டிசம்பர் லீவில் போவார்கள். அப்போது குளிர் இதமாக இருக்கும், கிறிஸ்துமஸ் பாட்டு இருக்கும், மலை அழகாகவே தெரியும். நீங்கள் மழையில் போங்கள். சேற்றில் நடந்து, கொசுவலைக்குள் படுத்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் மிஷனெரியின் மனைவியோடு உங்கள் மனைவி சமையலறையில் தனியாக ஒரு மணி நேரம் பேசட்டும். நீங்கள் அந்த நேரம் வெளியே இருங்கள்.

திரும்பி வந்ததும் உங்கள் மனைவி தனியாக எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும். நீங்கள் அதைப் படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்ப வேண்டாம்.